இடைகழி நகரம்: லியோனுக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

அந்நிய தேசத்து நகரமொன்றுக்குப் புறப்படுகிறவனுக்கு உபதேசம் செய்ய ஆட்களுக்குப் பஞ்சம் ஏற்பட்டதாக ஒருநாளும் கேட்டதில்லை. பெட்டியில் எதை அடுக்க வேண்டும், பையில் எதை ஒளித்து வைக்க வேண்டும், எந்த வீதியில் ஜாக்கிரதையாக நடக்க வேண்டும் என்று ஆளுக்கொரு ஜாபிதா கொடுத்து அனுப்புவார்கள். பிரான்ஸைப் பற்றிய உபதேசங்களோ ஒன்றையொன்று அடித்துக்கொள்பவை. அந்நாட்டாரைப் போலக் கர்விகள் இல்லை என்பார் ஒருவர். அவர்களைப் போல உபசாரம் தெரிந்தவர்கள் இல்லை என்பார் இன்னொருவர். சைவ உணவுக்காரன் அங்கே பட்டினி கிடக்க நேரும் என்பார் ஒருவர்; ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பழமுமாக ராஜபோகத்தில் இருந்து வந்தேன் என்பார் வேறொருவர். இத்தனைக்கும் இவர்களில் எவரும் பொய் சொல்பவரல்லர். ஒரே நகரம் ஒருவருக்குக் கதவைச் சாத்தியும் மற்றொருவருக்கு விரியத் திறந்தும் காட்டியிருக்கிறது. அதற்குக் காரணம் யாது என்பதையும், கதவு திறக்கப்பெற்றவர்களின் கூட்டத்தில் நாம் சேருவதற்கு உபாயம் யாது என்பதையும் விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விசாரணைக்கு ஒரு நகரம் வேண்டும். பாரிஸ் மாநகரை வேண்டுமென்றே விலக்குகிறேன். உலகத்தார் அனைவரும் வந்து போகும் சத்திரமாக அது ஆகிவிட்டபடியால், வருகிறவன் செய்யும் பிழைகளைப் பொருட்படுத்தாத பழக்கம் அதற்கு ஏற்பட்டுவிட்டது. தென்கிழக்கேயுள்ள லியோன் அப்படியன்று. அது பெரிய நகரம், பழைய நகரம், செல்வம் மிகுந்த நகரம். ஆனால் யாத்ரீகனை நம்பி ஜீவனம் செய்யும் நகரமன்று. ஆகையால் பிரெஞ்சு நகர வாழ்வின் சுபாவம் அங்கே கலப்பில்லாமல் தென்படும்.

நகரின் கிடக்கை

எந்த ஊரிலும் வழி தவறாமலிருக்க முதலில் அறிய வேண்டியது நதியும் மேடும் எங்கே இருக்கின்றன என்பதே. ஆல்ப்ஸ் மலையிலிருந்து வேகமாக இறங்கும் ரோன் நதியும், வடக்கிலிருந்து சாவதானமாக வரும் சோன் நதியும் நகருக்குள் ஏறத்தாழ இணையாக ஓடி, தெற்கே சங்கமமாகின்றன. இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் நிலத்துண்டுக்குத் தீபகற்பம் என்றே அவ்வூரார் பெயரிட்டிருக்கிறார்கள். கடைவீதிகளும், நகர மண்டபமும், பெல்கூர் என்னும் செம்மண் பரந்த விசாலமான சதுக்கமும் அதில்தான் உள்ளன. சோன் நதிக்கு மேற்கே பழைய நகரமும், அதற்கு மேலே ஃபூர்வியேர்க் குன்றும். தீபகற்பத்திற்கு வடக்கே க்ருவா ரூஸ் குன்று. முன்னது பிரார்த்தனை செய்யும் குன்று, பின்னது உழைக்கும் குன்று என்பது அவ்வூர் வழக்கு. ஒன்றின் உச்சியில் வெள்ளைத் தேவாலயம், மற்றதன் சரிவெங்கும் பட்டு நெசவாளர் வாழ்ந்த வீடுகள். ரோனுக்குக் கிழக்கே சமவெளி. பிரதான ரயில் நிலையமான பார் தியே அங்கே.

நகரம் ஒன்பது வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தபால் குறியீடு 69001 முதல் 69009 வரை செல்லும்; கடைசி இலக்கமே வட்டாரத்தின் எண். தங்கும் விடுதியைத் தேடுகிறவர் இந்த ஓர் இலக்கத்தைக் கவனித்தாலே போதும். 1, 2, 5 என்று முடிந்தால் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றிற்கு நடந்தே போகலாம். 3 என்று முடிந்தால் ரயிலுக்குச் சௌகரியம். நண்பரைச் சந்திக்க இடம் குறிக்க வேண்டுமானால் லியோன்வாசிகள் ‘குதிரை வாலடியில்’ என்பார்கள். பெல்கூர் சதுக்கத்தில் 1825ஆம் ஆண்டு முதல் குதிரைமேல் அமர்ந்திருக்கும் பதினான்காம் லூயி மன்னரின் சிலையைச் சுட்டும் வழக்கு அது.

புறப்படுமுன்

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர் ஷெங்கன் விசா பெற்றாக வேண்டும். 180 நாட்களில் 90 நாட்களுக்கு மேற்படாமல் தங்க அது அனுமதிக்கிறது. பயணத்திற்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாட்களாவது முன்னதாக விண்ணப்பித்தாக வேண்டும் என்பது விதி. கோடை நெருங்க நெருங்க நேர்முகத்திற்கு நாள் கிடைப்பது அருமையாகிவிடும் என்பதால், கடைசி நாளை நம்புவது விவேகமன்று. 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்தியச் செலவை ஏற்கும் காப்பீடு, தங்குமிடத்திற்கான அத்தாட்சி, திரும்பி வரும் டிக்கெட், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வரிசையாக வைத்திருப்பவனுக்கு இந்தக் காரியத்தில் கஷ்டம் பாதியாகக் குறைந்துவிடும்.

பருவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், மே, ஜூன், செப்டம்பர் ஆகிய மாதங்கள் உத்தமம். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டுவது உண்டு. மின்விசிறிக்குப் பழகிய நமக்கு, அது கூட இல்லாத பழைய கட்டடத்தின் மேல்மாடி அறை சித்திரை மாதத்துச் சென்னையைவிடக் கொடியதாகத் தோன்றும். ஆகஸ்டில் பல சிறு கடைகளும் உணவகங்களும் உரிமையாளரின் விடுமுறைக்காகச் சில வாரங்கள் மூடிக்கிடக்கும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். ஜூனில் இரவு ஒன்பதரை மணி வரை வெளிச்சம் நிற்கும். மின்சாரம் நம் நாட்டைப் போலவே 230 வோல்ட். மெல்லிய இரண்டு முளைச் செருகிகள் அங்குள்ள துளைகளில் பொருந்தும், நம்முடைய பருத்த மூன்று முளைச் செருகிகள் பொருந்தா.

சென்று சேர்தல்

பாரிஸ் சார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்குகிறவர் பாரிஸ் நகருக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. அந்நிலையத்தின் அடியிலேயே அதிவேக ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து நேரே லியோனுக்குச் செல்லும் ரயில்கள் சுமார் இரண்டு மணி நேரத்தில் கொண்டு சேர்க்கும். பாரிஸில் தங்கிவிட்டு வருகிறவர் கார் து லியோன் என்னும் நிலையத்தில் ஏற வேண்டும். 1981இல் பிரான்ஸின் முதல் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது இந்த மார்க்கத்தில்தான். டிக்கெட்டின் விலை விமான டிக்கெட்டைப் போல நாளுக்கு நாள் ஏறுவதாகையால், சில வாரங்கள் முன்னதாக வாங்கியவருக்கும் அன்று காலையில் வாங்கியவருக்கும் உள்ள வித்தியாசம் ஒருநாள் சாப்பாட்டுச் செலவையே விழுங்கிவிடும். எந்தப் பிளாட்பாரம் என்பதைப் புறப்படுவதற்குச் சுமார் இருபது நிமிஷத்திற்கு முன்புதான் அறிவிப்பார்கள். இரண்டு நிமிஷத்திற்கு முன்பே கதவுகள் சாத்தப்படும். ஓடிவந்து தொற்றிக்கொள்ளும் நம்மூர் வித்தைக்கு அங்கே இடமில்லை.

ரயிலில் வருகிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லியோன் என்ற பெயரைத் தாங்கிய நிலையங்கள் பல: நகரின் கிழக்கே பார் தியே, தீபகற்பத்தில் பெராஷ், ஊருக்கு வெளியே விமான நிலையத்தை ஒட்டிய சேன் எக்ஸ்யுபேரி. கடைசியாகச் சொன்னதில் அறியாமல் இறங்கிவிட்டவர், அங்கிருந்து நகருக்கு அரைமணி நேரத்தில் ஓடும் ரோன் எக்ஸ்பிரஸ் டிராமுக்குத் தனிக் கட்டணம் செலுத்தியே வர நேரிடும். நகரப் போக்குவரத்தின் சாதாரண டிக்கெட் அதில் செல்லாது.

நகருக்குள் மெட்ரோ, டிராம், பஸ் அனைத்துக்கும் ஒரே டிக்கெட். ஒருமுறை முத்திரையிட்டால் ஒரு மணி நேரம் வரை மாறி மாறி ஏறலாம். முத்திரையிடாத டிக்கெட் கையில் இருப்பது டிக்கெட் இல்லாமலிருப்பதற்குச் சமானம். பரிசோதகர் அபராதம் விதிப்பார். பழைய நகர நிலையத்திலிருந்து குன்றின்மேல் ஏறும் இழுவை ரயிலுக்கு ‘கயிறு’ என்று அவ்வூரார் செல்லப்பெயர் இட்டிருக்கிறார்கள். ஏறுவதற்குக் கயிற்றையும் இறங்குவதற்குக் காலையும் உபயோகிப்பவர் முழங்காலுக்குச் சிரமம் தராமல் குன்றின் முழு அழகையும் அனுபவிக்கலாம்.

காலமும் கதவுகளும்

இதுவரை சொன்னவை எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் கிடைக்கும். இனிச் சொல்லப்போவதுதான் பிரெஞ்சு நகரின் உயிர்நாடி. அங்கே ஒவ்வொரு காரியத்திற்கும் ஒரு வேளை உண்டு. வேளை தப்பி வருகிறவனுக்காக எவரும் நியமத்தைத் தளர்த்துவதில்லை. மதியச் சாப்பாடு பன்னிரண்டு மணி முதல் இரண்டு மணி வரை. இரண்டரை மணிக்குப் பசியோடு போய் நிற்கிறவன் முன்னே நாற்காலிகள் காலியாக இருக்கும், பரிசாரகர் இருப்பார், சமையல்காரரும் இருப்பார். சோறு மட்டும் கிடைக்காது. இரவுச் சாப்பாடு ஏழு அல்லது ஏழரைக்கு முன்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடைவீதி உறங்கும். அன்று காலையில் சந்தை கூடும், ரொட்டிக் கடைகளில் சில திறந்திருக்கும், அவ்வளவே. திங்கட்கிழமையும் சிறு கடைகளில் பல திறப்பதில்லை. மே மாதம் முதல் தேதி ஏறக்குறைய அனைத்தும் ஸ்தம்பித்துவிடும்.

அருங்காட்சியகங்களுக்கும் தனித்தனி விடுமுறைகள் உண்டு. தெரோ சதுக்கத்தில் பழைய கன்னிமாடத்தில் அமைந்த நுண்கலை அருங்காட்சியகம் செவ்வாயன்று மூடியிருக்கும். நதிகள் கலக்குமிடத்தில் 2014இல் திறக்கப்பட்ட கான்ஃப்ளுவான்ஸ் அருங்காட்சியகமும், லூமியேர் சகோதரர்களின் இல்லமும் திங்களன்று மூடியிருக்கும். ஆகவே இரண்டே நாள் தங்குகிறவர் ஞாயிறும் திங்களுமாக அமைத்துக்கொண்டால் நகரின் வாசற்கதவுகளை மட்டும் தரிசித்துத் திரும்ப நேரிடும். வியாழன், வெள்ளி, சனி ஆகிய நாட்களே சிலாக்கியமானவை.

இதைச் சோம்பல் என்று சொல்லுகிறவர் உண்டு. கடைக்காரனும் குடும்பஸ்தன், அவனுக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு உண்டு என்று நெடுங்காலப் போராட்டத்தினால் நிலைநாட்டப்பட்ட கொள்கை அது. உழைப்பவனின் உரிமைக்காக 1831இலும் 1834இலும் தெருவில் இறங்கிய பட்டு நெசவாளரின் நகரம் இது என்பதை நினைவிற்கொண்டால், மூடிய கதவின் முன் நிற்பவனுக்குக் கோபம் சிறிது தணியும்.

மரியாதை

முதல் நாள் காலையில் ரொட்டிக் கடையொன்றில் நுழைந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பண்டத்தை விரலால் சுட்டி, அதன் விலை என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டேன். கல்லாவில் நின்ற அம்மையார் என்னை நிதானமாகப் பார்த்தார். “போன்ழூர், மெஸ்யே” என்றார். அதன்பின் வாயைத் திறக்கவில்லை. காதில் விழவில்லை போலும் என்று எண்ணி மறுபடியும் விலையைக் கேட்டேன். மறுபடியும் அதே சொல், அதே மௌனம். பின்னால் நின்றவர் ஒருவர் மெல்ல இருமினார். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. “போன்ழூர், மதாம்” என்றேன். அந்தக் கணமே அம்மையாரின் முகம் மலர்ந்தது. விலை வந்தது, பண்டம் வந்தது, அது அன்று காலையில் சுட்டது என்ற தகவலும் கேளாமலே வந்தது.

நம்மிடத்தில் ‘வாருங்கள்’ என்று வீட்டுக்காரர் முதலில் சொல்வது வழக்கம். அங்கே உள்ளே நுழைகிறவன் முதலில் வந்தனம் சொல்ல வேண்டும். கடை என்பது அவர்கள் மனத்தில் பொது இடமன்று, உரிமையாளரின் இல்லத்தின் முன்கட்டு. ஆகையால் கடையில், பஸ்ஸில், வைத்தியர் வீட்டுக் கூடத்தில், மின்தூக்கியில் கூட, பகலில் ‘போன்ழூர்’, மாலைக்குப்பின் ‘போன்ஸ்வார்’, வெளியேறும்போது ‘மெர்சி, ஒ ருவார்’ என்ற இந்த நான்கு சொற்களும் கடவுச்சீட்டுக்கு அடுத்தபடியான அனுமதிச் சீட்டு என்று கொள்ளலாம். நீ, நீங்கள் என்ற பேதம் பிரெஞ்சிலும் உண்டு. முன்பின் அறியாதவரை ‘வூ’ என்று பன்மையில் அழைப்பதே முறை. இந்த ஒரு விஷயத்தில் ஆங்கிலேயனைவிடத் தமிழனுக்குச் சிரமம் குறைவு. வந்தனம் முடிந்தபின் ஆங்கிலம் பேசலாமா என்று பிரெஞ்சில் கேட்டு, அதன்பின் ஆங்கிலத்திற்கு மாறினால் எவரும் முகம் சுளிப்பதில்லை.

ஆகாரம்

லியோன் நகரின் கீர்த்தி அதன் அடுப்பங்கரையில் பிறந்தது. செல்வர் வீடுகளில் சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் வெளியேறித் தாமே உணவகம் நடத்திப் புகழ் பெற்றார்கள். அவர்களை ‘லியோன் தாய்மார்’ என்பது வழக்கு. அவர்களுள் தலையாயவரான யூஜெனி ப்ராசியே 1933இல் தம்முடைய இரண்டு உணவகங்களுக்கும் மும்மூன்று மிஷ்லேன் நட்சத்திரங்கள் பெற்றார். பின்னாளில் உலகப் பிரசித்தி பெற்ற பால் போக்யூஸ் அவரிடம் தொழில் பழகியவரே.

அவ்வூருக்கே உரிய சிற்றுணவகத்திற்கு பூஷோன் என்று பெயர். நெருக்கமான மேஜைகள், கட்டம் போட்ட விரிப்பு, அடி தடித்த கண்ணாடிக் குப்பியில் 46 சென்டிலிட்டர் திராட்சை மது. பட்டியலில் குடலும் ஈரலும் மலிந்திருக்கும். குடற்குழம்பில் ருசி கண்ட தமிழருக்கு இதில் வியப்பதற்கு ஏதுமில்லை. ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இரைப்பைக்கு அவர்கள் வைத்த பெயரைக் கேட்டுத்தான் நகைக்க வேண்டும், ‘சிப்பாயின் முன்றானை’ என்பது அது.

சைவர்கள் இங்கே பெயரைக் கண்டு மயங்கவோ அஞ்சவோ கூடாது. ‘லியோன் சாலட்’ என்பது பச்சிலைதானே என்று நம்பித் தருவித்தால், பன்றி இறைச்சித் துண்டுகளும் அரைவேக்காட்டு முட்டையும் அதன்மேல் அமர்ந்து வரும். ‘நெசவாளியின் மூளை’ என்று பொருள்படும் செர்வெல் து கனுய் என்னும் பெயரைப் படித்துப் பதறி ஓடியவரோ, வெங்காயத்தாளும் பூண்டும் மிளகும் எண்ணெயும் சேர்த்து அடித்த புதிய பாலாடைக்கட்டியை இழந்தவர் ஆவார். தயிர்ப்பச்சடிக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று அதைச் சொல்லலாம். சூப்பு எதனாலானது என்று கேட்பது அவசியம். காய்கறி சூப்பிலும் மாமிசச் சாறு கலப்பது உண்டு. பாதாமைச் சிவந்த சர்க்கரைப் பாகில் உருட்டிச் செய்யும் ப்ரலீன் பணியாரத்தில் மாமிசமில்லை. தெருவோர ரொட்டிக் கடையும், நதிக்கரைச் சந்தையும் எவரையும் பட்டினி போடா.

சொற்களில் சில பொறிகள் உண்டு. ‘மெனு’ என்று கேட்டால் உணவுப் பட்டியல் வராது. நிர்ணயித்த விலைக்கு இரண்டு மூன்று வகைகள் கொண்ட முழுச்சாப்பாடு என்று அதற்குப் பொருள். பட்டியல் வேண்டுமானால் ‘கார்த்’ என்று கேட்க வேண்டும். ‘ஆந்த்ரே’ என்பது முதலில் வரும் சிறு வகை. கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருக்கும் ‘ப்ளா து ழூர்’ அன்றைய விசேஷம். மதிய வேளையில் அதுவே ருசிக்கும் பணப்பைக்கும் ஒருங்கே இதமானது. குழாய்த் தண்ணீர் குடிக்கத் தக்கது; ‘கராஃப் தோ’ என்று கேட்டால் ஜாடியில் இலவசமாகத் தருவார்கள், வெறுமே தண்ணீர் என்றால் விலைக்கு விற்கும் புட்டி வந்து சேரக்கூடும். சேவைக்கான தொகை விலையிலேயே அடக்கம். மனம் திருப்தியுற்றால் சில்லறை வைத்துவிட்டு வரலாம், கட்டாயமில்லை. சாப்பிட்டு முடித்தபின் பில் தானாக வராது. அதை அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். விருந்தினனை எழுந்திருக்கச் சொல்லுவது அநாகரிகம் என்பது அவர்கள் எண்ணம்.

காணத்தக்கவை

கி.மு. 43இல் முனாசியஸ் ப்ளான்கஸ் என்னும் ரோமானியத் தலைவர் நிறுவிய நகரம் இது. ஃபூர்வியேர்க் குன்றின்மேல் ரோமானியரின் இரண்டு அரங்குகள் திறந்த வெளியில் கிடக்கின்றன. படிக்கட்டுகளில் அமர்ந்து நகரைப் பார்க்கக் கட்டணம் ஏதுமில்லை. இந்நகரிலேயே பிறந்த கிளாடியஸ் சக்கரவர்த்தியின் சொற்பொழிவைப் பொறித்த வெண்கலப் பட்டயம் அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1895இல் தொழிலாளர்கள் ஆலையிலிருந்து வெளியே வரும் காட்சியை லூமியேர் சகோதரர்கள் படம்பிடித்த இடத்தைச் சினிமாப் பிரியர்களான நம்மவர் எவரும் விடலாகாது. அத்தெருவுக்கே ‘முதற்படத் தெரு’ என்று பெயர்.

க்ருவா ரூஸ் குன்றில் கைத்தறிகளை இன்னும் இயக்கிக் காட்டுகிறார்கள். அவ்வீடுகளின் மேற்கூரை ஏன் நான்கு மீட்டர் உயரம் என்று வினவுபவருக்கு விடை தறியின் உச்சியில் இருக்கிறது. லியோனில் பிறந்த ஜக்கார்டு என்பவர் 1804இல் உருவாக்கிய பெட்டியை, துளையிட்ட அட்டைகளோடு தறிக்கு மேலே ஏற்றி வைக்க அத்தனை உயரம் வேண்டியிருந்தது. காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டில் அதே பெட்டியை அதே பெயரால் அழைப்பதைக் கேட்டிருப்பவருக்கு, அந்தத் தறியின் ஓசை அயல்நாட்டு ஓசையாகத் தோன்றாது.

டிசம்பர் 8ஆம் தேதியை ஒட்டிய தீபத் திருவிழாவைத் தனியே சொல்ல வேண்டும். 1852இல் ஃபூர்வியேர்க் குன்றின்மேல் மாதாவின் சிலையை நிறுவிய மாலையில், புயலால் குலைந்த விழாவை ஊர்மக்கள் தம் ஜன்னல்களில் மெழுகுதிரி ஏற்றித் தாமே நடத்தி முடித்தார்கள். இன்று சில நாட்கள் வரை கட்டடமெல்லாம் ஒளிச்சித்திரம் தீட்டுகிறார்கள். லட்சக்கணக்கில் கூட்டம் கூடுகிறது. கார்த்திகை விளக்கிட்டு வளர்ந்தவர் பெரிய சதுக்கத்து வேடிக்கையை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒதுக்குப்புறத் தெருக்களில் ஜன்னலோரம் எரியும் சிறு கண்ணாடி விளக்குகளைத் தேடிச் செல்லலாம். அந்நாட்களில் அறை வேண்டுமானால் பல மாதம் முன்னரே பதிவு செய்தாக வேண்டும். விலையும் சாதாரண நாட்களைப் போலிராது.

எச்சரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கலாம். மெட்ரோ நெரிசலிலும் பெரிய நிலையங்களிலும் ஜேப்படிக்காரர் உண்டு; கடவுச்சீட்டை விடுதியில் வைத்துப் பிரதியை எடுத்துச் செல்லலாம். ஆபத்தில் 112 என்ற எண் எல்லாவற்றுக்கும் பொது; வைத்திய உதவிக்கு 15, போலீசுக்கு 17. பச்சைச் சிலுவை தொங்குமிடம் மருந்துக்கடை. சிறு உபாதைகளுக்கு அங்குள்ளவரே யோசனை சொல்வார்.

இடைகழி

பழைய நகரத்திற்கும் க்ருவா ரூஸ் சரிவுக்கும் உரிய அதிசயம் ‘த்ரபூல்’. நம்முடைய அக்கிரகாரத்து வீடுகளின் ரேழியை நினைத்துக்கொள்க: ஒரு தெருவில் வாசல், நீண்ட இருண்ட இடைகழி, நடுவே வெளிச்சம் விழும் முற்றம், மீண்டும் இடைகழி, முடிவில் அடுத்த தெரு. நெசவாளர் மழையில் நனையாமல் பட்டைச் சுமந்து சென்றதும், இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியருக்கு எதிராகப் போராடியவர்கள் மறைந்து திரிந்ததும் இவ்வழிகளில்தான். பழைய நகரில் 54, ரூ சேன் ழான் என்ற வாசலில் நுழைந்தால், நான்கு முற்றங்களைக் கடந்து 27, ரூ து பஃப் என்ற வாசலில் வெளிப்படலாம். கதவு கனமானது, பூட்டியிருப்பது போலத் தோன்றும். பக்கத்துப் பொத்தானை அழுத்தித் தள்ள வேண்டும். உள்ளே விளக்குப் பொத்தானை அழுத்தினால் சிறிது நேரம் எரிந்து தானே அணையும். மாடியில் யாரோ பாத்திரம் கழுவும் ஓசை கேட்கும். தபால் பெட்டிகளில் குடியிருப்போரின் பெயர்கள் ஒட்டியிருக்கும்.

கவனிக்க வேண்டியது இதுதான்: இவை தனியார் வீடுகள். நூற்றுக்கணக்கான த்ரபூல்களில் சில பத்துகள் மட்டும், நகரசபையோடு குடியிருப்போர் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பகல் வேளையில் திறந்திருக்கின்றன. பராமரிப்புக்கும் விளக்குக்கும் நகரசபை உதவுகிறது, குடியிருப்போர் அந்நியனின் காலடியைச் சகித்துக்கொள்கிறார்கள். பகலில் வா, மெதுவாகப் பேசு, படியேறாதே, எட்டிப் பார்க்காதே என்பவை அங்குள்ள நிபந்தனைகள்.

ஆரம்பத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இந்த இடைகழியில் இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்குச் சாத்தும் சமையலறையும், வந்தனத்திற்குக் காத்திருக்கும் கல்லாவும், செவ்வாயன்று உறங்கும் அருங்காட்சியகமும் இந்தக் கதவைப் போன்றவையே. அவை வசிப்பவர்களுக்காக ஏற்பட்டவை. வேளையறிந்து முறையறிந்து வருகிறவனையும் அனுமதிப்பவை. கர்விகள் என்று சொன்ன நம் நண்பர் வேளை தப்பி, வாய் திறவாமல் நுழைந்திருப்பார். உபசாரிகள் என்றவர் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அறிந்திருப்பார். யாத்ரீகர் கூட்டத்தின் கூச்சலைப் பொறுக்காமல் குடியிருப்போர் நாளை உடன்படிக்கையை முறித்துக்கொண்டால் இந்த வழிகளும் அடைபடும். ஆகவே 27ஆம் எண் வாசலில் வெளிப்படுகிறவர், விளக்கு அணைந்துவிட்டதே என்று உரக்கக் கூவாமல், கனத்த அந்தக் கதவைச் சத்தமெழாதபடி கையால் பிடித்துச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்க வேண்டும்.